கறை தெரியாத மெத்தை

லாட்ஜுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான். தள்ளுவண்டி ஓட்டுவது, கண்ணாடியில் கோடு விழாமல் துடைப்பது, விரிப்பின் மூலையை உறை மாதிரி மடித்து மெத்தைக்கடியில் செருகுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

"விரிப்ப இழுக்கறப்ப எது கண்ணுல பட்டாலும் மூஞ்சி மாறக்கூடாது. பக்கத்துல நிக்கிறவளப் பாத்துச் சிரிக்கக்கூடாது. கறைய உள்பக்கமா வச்சுச் சுருட்டு, வண்டியில போடு, அடுத்த வேலையப் பாரு. நீ ஒண்ணும் பாக்கல."

"பாத்துட்டா என்னக்கா பண்றது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாத்தாலும் பாக்கல."

அந்த லாட்ஜில் அவள்தான் அறைகளுக்கு மேற்பார்வை. கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்றுக்குப் போன மெத்தையைத் தேய்க்கக்கூடாது, உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு வினிகர் கலந்த தண்ணீர் தெளித்துச் சமையல் சோடாவைத் தூவி வெயிலில் சாய்த்துவைக்க வேண்டும் என்பதும் தெரியும். அவள் கைபட்ட அறைக்குள் நுழைகிறவன், இந்தக் கட்டிலில் இதுவரை யாருமே படுத்ததில்லை என்று நம்பிவிடுவான். பழைய மேனேஜர் ஓய்வு பெறும்போதுகூட அதைத்தான் சொன்னார். "ஆளு காலி பண்ணிட்டா ரூமுக்கு அந்த ஆளோட ஞாபகமே இருக்கக்கூடாது. அது இந்தம்மா கையிலதான் இருக்கு."

வீட்டில் அவளுக்குப் பூனை என்று பேர். சத்தம் வராமல் நடப்பதால் வந்த பேர் என்று லாட்ஜில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அப்படி வந்த பேர் இல்லை.

அவளுடைய அம்மா பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். பெரும்பாலும் ராத்திரி வேலை. அவளையும் தம்பியையும் படுக்கவைத்து, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் விடிந்துதான் வருவாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது வந்த பிறகும் அவள் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்து பையை ஆணியில் மாட்டுவாள், படுக்கையை ஒரு தடவு தடவுவாள், அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பாள்.

"அடியே, ராத்திரி இங்க வெள்ளம் வந்துச்சா? கப்பல் ஏதும் ஒதுங்குச்சா பாரு!"

குழாயடியில் நிற்கிற பெண்களெல்லாம் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை அது கேலியே கிடையாது. வார்டில் அவள் பேசுவதே அப்படித்தான். வலி தாங்காமல் கட்டிலிலேயே எல்லாம் போய்விட்டதே என்று குன்றிப்போய் அழுகிற பெண்ணிடம், "மானத்தச் செருப்போட வாசல்ல விட்டுட்டு வரணும்மா இங்க. போறப்ப எடுத்துக்கலாம், எவளும் தூக்கிட்டுப் போயிட மாட்டா" என்பாள். அந்த வலியிலும் அந்தப் பெண் சிரித்துவிடுவாள். அம்மாவின் வாய்க்காகவே அவள் இருக்கிற நேரத்தில் பிள்ளை பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஆனால் மகளுக்கு மானத்தை விட்டுவைக்க ஒரு வாசல் இல்லை. இருந்த ஒரே வாசலில் குழாயடி இருந்தது. ஆகவே அம்மா வருவதற்கு முன்னால் எழுந்திருக்கப் பழகிக்கொண்டாள். இருட்டில் தம்பியை எழுப்பாமல் விரிப்பை உருவி, வாளியில் முக்கி, மெத்தையைப் புரட்டிப்போட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மறுபடி படுத்துக்கொள்வாள். ஒரு நாள் அம்மா சீக்கிரமாக வந்துவிட்டாள். மகள் மெத்தையோடு மல்லுக்கட்டுவதை நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பூனை மாதிரி மண்ணத் தள்ளி மூடுது பாரேன்!"

அன்றிலிருந்து பூனை. அம்மா அந்தப் பேரைக் கொஞ்சலாகத்தான் கூப்பிட்டாள். கேட்டவளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் காது சூடானது. பெரியவளான பிறகு என் கண்ணில் எது பட்டாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்று அந்த வயதிலேயே மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள். லாட்ஜ் வேலை அவளுக்குக் கைவந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அம்மா ஓய்வு பெற்ற பிறகு தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி லாரி ஓட்டுகிறவன். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவன் மனைவி கோழிக்கடை நடத்துகிறாள். கடைக்கு மேலேயே வீடு. கோழிக்காரி என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். நல்லவள்தான், ஆனால் குரல் கொஞ்சம் நஞ்சமல்ல. அவள் பேசினால் கோழிகள் வாயை மூடிக்கொள்ளும் என்று தம்பியே சொல்வான்.

மகளுக்கோ கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. தனி வீட்டில் இரண்டு அறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவள் போய் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். சிறுவயதில் அம்மாவின் ராத்திரிகள் எல்லாம் வார்டுக்குப் போய்விட்டன. இனி வருகிற ராத்திரிகளாவது தனக்கு வேண்டும் என்று இருந்தது. அதை யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும் கறாராகச் சொன்னாள்: "கடைசி வரைக்கும் அம்மா எங்கிட்டதான். நீ வேணும்னா வந்து பாத்துட்டுப் போ."

"நான் என்னக்கா சொல்லப் போறேன்? அம்மாவக் கேளு."

அம்மா அப்போது சந்தோஷமாகத்தான் வந்தாள். குளியலறையை ஒட்டியிருந்த உள் அறையை அவளுக்கு ஒதுக்கி, நல்ல மெத்தை வாங்கிப் போட்டிருந்தாள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்தே வைத்து, இருவரும் அவரவர் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுவார்கள். பேசுவார்கள் என்ன, அம்மா பேசுவாள். இரட்டைப் பிள்ளை என்று தெரியாமல் ஒன்றைப் பெற்றுவிட்டு வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தவள், பிரசவ அறை வாசலில் மயங்கி விழுந்த போலீஸ்காரர் என்று கதை கதையாக வரும். கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். அந்தச் சில மாதங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே நன்றாகத் தூங்கிய காலம்.

அப்புறம் ஒரு காலையில் அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் விரிப்பு நனைந்திருந்தது.

இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும்போது அம்மாவின் முகம்தான் முதலில் வருகிறது. அந்த முகத்தில் வெட்கம் இல்லை. கதை சொல்லப் போகிறவளின் முகம் அது. வாயின் ஒரு ஓரம் மேலே போயிருந்தது.

"ஏய் பூனை, இங்க வந்து பாரேன். நேத்து ராத்திரி..."

"பரவாயில்லம்மா." அவள் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. நீங்க போயி குளிச்சிட்டு வாங்க."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னடி திடீர்னு மரியாதையெல்லாம்? நீங்க, வாங்கங்கிற?"

அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று பேசிய அம்மாவிடம் லாட்ஜ் பேச்சு வந்துவிட்டது. விருந்தினர் நனைத்த படுக்கைக்குப் பக்கத்தில் நின்றால் நாக்கு தானாக அந்தப் பாஷைக்கு மாறிவிடும் போல. "தண்ணி சூடா இருக்கு, போங்கம்மா" என்று சொல்லிவிட்டு விரிப்பை உருவத் தொடங்கினாள். அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் கட்டில் புதுசாக இருந்தது. ஈரம் இல்லை, வாடை இல்லை, மூலை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அம்மா கட்டிலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். சொல்ல வந்த கதையைச் சொல்லாமலே தலையைத் துவட்டிக்கொண்டாள்.

அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. நான் பட்டதை என் அம்மா படக்கூடாது, படவிடவும் மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அது அடிக்கடி நடந்தது. அவளுடைய ஏற்பாடும் அதற்கேற்ப மேம்பட்டது. மெத்தைக்கு மேல் மெல்லிய ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் உறிஞ்சுகிற தடித்த துணி, அதற்கு மேல் இஸ்திரி போட்ட பருத்தி விரிப்பு. படுத்தால் சரசரக்காத ரப்பராகப் பார்த்துத் தேடிப்பிடித்து வாங்கினாள். எல்லாவற்றையும் அம்மா வெளியே உட்கார்ந்திருந்தபோது விரித்தாள். கட்டிலுக்கடியில் மூடி போட்ட வாளி. மாற்று உடை தலைமாட்டில், கேட்காமலே. ஒவ்வொரு காலையும் அம்மா குளியலறைக்குள் போனதும் ஈ காக்கைக்குத் தெரியாமல் வேலை முடிந்துவிடும். வீட்டில் துளி வாடை கிடையாது. எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து அம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்து அரட்டையடித்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீச்சரம்மா எழுந்துபோன பிறகு தனக்குள் எழுந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கு அவளுக்கு உடம்பு கூசுகிறது.

அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கதவு திறந்தே இருந்தது, கதைதான் வரவில்லை. "தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டால் "ம்" என்று மட்டும் வரும். தூங்கியவள் எப்படி ம் சொல்லுவாள் என்று யோசிக்கவில்லை. வயதாகிறது, அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். சாயங்கால டீ வேண்டாம் என்றாள் அம்மா. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தண்ணீர்கூட ஒரு மடக்குதான். முகம் சுருங்கி, உதடு வெடித்திருந்தது. ஒரு நாள் மாற்று உடையை எடுத்துக் கொடுத்தபோது, "தேங்க்ஸ்மா" என்றாள்.

தேங்க்ஸ். லாட்ஜில் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தால் கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்கிறவர்கள் சொல்வது. அன்று அது அவள் காதில் விழுந்தது, ஆனால் உறைக்கவில்லை.

பிறகு அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தாள். "படுத்தா மூச்சு முட்டுது" என்றாள். கால் வீங்கியது. கட்டிலில் படுத்தால்தானே கட்டில் நனையும் என்கிற கணக்கு அது என்று பிறகுதான் தெரிந்தது. நாற்காலியிலும் எத்தனை நாள் இருக்க முடியும்? உடம்பு தாங்காமல் ஒரு ராத்திரி கட்டிலுக்குத் திரும்பியிருக்கிறாள். விடியப்போகிற நேரத்தில் குளியலறையில் தடதடவென்று ஏதோ சரிகிற சத்தம் கேட்டு மகள் ஓடினாள். அம்மா தரையில் கிடந்தாள். வாளி கவிழ்ந்திருந்தது. விரிப்பின் ஒரு முனையை அம்மாவின் கை இன்னும் பிடித்திருந்தது. துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அவள் எழுந்திருப்பதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று பார்த்திருக்கிறாள்.

இதே வேலையை இதே இருட்டில் செய்த ஒரு சின்னப் பெண்ணை அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அவளுடைய வாயில் வந்தது, "விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்பதுதான்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு அழைத்துவந்தார்கள். லாட்ஜில் நீண்ட விடுமுறை கிடைக்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டதில் தம்பி வரவில்லை, கோழிக்காரி வந்து இறங்கினாள். கடையைத் தன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பையோடு.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போதே வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கோழிக்காரியின் சிரிப்பு ஊருக்கே தெரியும். அதற்கு அடியில் இன்னொரு சிரிப்பு, மூச்சு வாங்குகிற, இருமலோடு முடிகிற சிரிப்பு. அம்மா சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைத்தாள். உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

"அத்தை, மத்தியானம் கண்ணு அசந்த நேரத்துல அணைய ஒடச்சு விட்டுட்டீங்களே, நியாயமா? கீழ ஊரு இருக்கா போச்சா?"

"போடி இவளே. ஒரு ஊரு இல்ல, ரெண்டு ஊரு."

"ரெண்டா! இருங்க, எந்திரிச்சு நில்லுங்க. பாவாடைய அவுருங்க. என்ன வெக்கம்? எங்கிட்டப் போயி. நாளெல்லாம் கோழிக் குடல உருவறவ நான்."

"நான் ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் சொன்னேன்டி. மானத்தச் செருப்போட வாசல்ல விடுன்னு."

"அப்புறம்? உங்க செருப்பு எங்க?"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் குரல் மாறியது. "ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுடி. ரொம்ப நாளா. மொளகாப் பொடி தடவுன மாதிரி."

"எத்தனை நாளா? அண்ணிகிட்டச் சொல்லலியா?"

வாசலில் நின்றவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அம்மா சொன்னாள்: "அவகிட்ட எப்படிச் சொல்றது? அவ அதப் பேசவே மாட்டேங்கிறா."

தினம் தினம் அந்தத் துணிகளைக் கையில் எடுத்தவள் அவள். நிறம் கடுத்திருந்ததையும் நெடி மாறியிருந்ததையும் பார்த்தவள். பார்த்தாலும் பார்க்கவில்லை.

கோழிக்காரி மறுநாளே அம்மாவை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். சிறுநீர்ப் பாதையில் தொற்று. தண்ணீரைக் குறைத்ததால் சிறுநீர் கடுத்து, கடுத்ததால் நீர்ப்பை அடங்காமல், அடங்காததால் இன்னும் குறைத்து, அப்படியே முற்றிப்போயிருந்தது. மருந்து கொடுத்தார்கள். பகலில் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். படுக்கப்போகும் முன்னால் ஒரு தடவை போகவேண்டும், நடுவில் ஒரு தடவை யாராவது எழுப்பிவிட வேண்டும், உட்கார்ந்தபடியே ஒன்றுக்குப் போக நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். கோழிக்காரி அன்றே நாற்காலி வாங்கினாள், அறையில் சின்ன விளக்கு மாட்டினாள், கடையில் ஆள் கூப்பிட வைத்திருக்கும் மணியையும் தம்பியிடம் சொல்லி வரவழைத்தாள். "அத்தை, அடக்க முடியலன்னா மணியடிங்க. முடிஞ்சு போச்சுன்னாலும் மணியடிங்க. கொண்டாடிடுவோம்."

அம்மா மணியடித்தாள். அடிக்கடி அடித்தாள். சும்மாவும் அடித்தாள். முகத்தில் பசை வந்தது. சாயங்கால டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். நனையாத காலைகள்கூட இடையிடையே வந்தன.

துவைக்கிற கல்லருகில் கோழிக்காரி விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தபோது அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது.

"அண்ணி, ஒண்ணு சொன்னா தப்பா நெனக்கக்கூடாது."

"சொல்லு."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்படிம்மா இருக்கு, எங்க வலிக்குதுன்னு."

"அவங்க மனசு நோகுமேன்னுதான்..." அவள் விரிப்பை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள். "சின்ன வயசுல எனக்கு..."

"அவங்க என்ன நெனச்சிருக்காங்க தெரியுமா? உங்களுக்கு அருவருப்பு, அதான் வாயத் தொறக்காம மூஞ்சியக் கல்லு மாதிரி வச்சிக்கிட்டுச் செய்யறீங்கன்னு. திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்னு சொல்றாங்க."

"அருவருப்பா? எனக்கா?"

"எனக்குத் தெரியும் அண்ணி. அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கொஞ்சம் நேரம் கழித்துப் போவதென்று முடிவு செய்தாள். அம்மாவின் அறைக்குள் போனாள். விரிப்பு நனைந்திருந்தது. ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்த வாசகம் அவளிடம் இருந்தது. அம்மாவுடையதேதான், வெள்ளமும் கப்பலும். வாயைத் திறந்தாள்.

"என்னம்மா, ராத்திரி வெள்ளம் வந்துச்சா?"

சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. அறையைச் சோதிக்க வந்த மேற்பார்வைக்காரி, இது என்ன, யார் செய்தது என்று கேட்கிற குரல். சிரிக்கவும் முயன்றாள், முகம் பழக்கப்படி கல்லாகவே இருந்தது. அம்மா சட்டென்று கட்டிலை விட்டு எழுந்து நின்றுகொண்டாள், மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்தபடி.

"மன்னிச்சுக்கம்மா. மணியடிக்க மறந்துட்டேன்."

"ஐயோ, அதுக்கில்லம்மா, நான் சும்மா..."

"பரவாயில்லம்மா" என்றாள் அம்மா. எத்தனையோ காலைகளில் மகள் சொன்ன அதே சொல், அதே மெதுவான குரலில்.

கட்டுப் பிரித்த பிறகு கோழிக்காரி கிளம்பவேண்டிய நாள் வந்தது. கடையை அவளுடைய அண்ணன் பார்த்துக்கொள்ளும் அழகுக்கு வாடிக்கையெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது என்று தம்பி போனில் புலம்பினான். முந்தின நாள் சாயங்காலம் அம்மா மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நானும் அவகூடப் போயிட்டு வரேன்."

"எதுக்கும்மா? அங்க இடமே இல்ல. கோழி நாத்தம் வேற. இங்க என்ன குறை?"

"இங்க ஒரு குறையும் இல்ல." அம்மா விரிப்பின் மூலை மடிப்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஒரு குறையும் இல்லடி. அவ திட்டுவா. என்னமோ, திட்டுற எடத்துல எனக்குத் தூக்கம் வருது."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். நீ சின்ன வயதில் என்னைக் கேலி செய்தது எனக்குப் பெரிய அடியம்மா, அதே அடி உனக்கு விழக்கூடாதென்றுதான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு உன் ராத்திரிகள் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். "சரிம்மா" என்றாள்.

பெட்டியை அவளேதான் அடுக்கினாள். சரசரக்காத ரப்பர் விரிப்பை மடித்து, புடவைகளுக்கு நடுவில், பெட்டியைத் திறந்தால் கண்ணில் படாதபடி வைத்தாள். ஆட்டோவில் ஏறும்போது எதையோ எடுக்கப் பெட்டியைத் திறந்த கோழிக்காரி அதைக் கண்டுபிடித்து உருவி, "இதப் போயி ஏன் ஒளிச்சு வக்கிறீங்க, மேல இருந்தாத்தானே போற வழியில உதவும்!" என்று தெருவுக்கே சொன்னாள். எதிர்வீட்டு டீச்சரம்மா எட்டிப் பார்த்தாள். அம்மா சிரித்தாள்.

விடுமுறை நாட்களில் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பழம் வாங்கிக்கொண்டு, விருந்தாளி மாதிரி. கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் கோழிச் சத்தமும் தெருச் சத்தமும் அம்மாவின் பேச்சும் கலந்து கிடந்தன. ஜன்னல் கம்பியில் அம்மாவின் விரிப்பு எல்லோரும் பார்க்கக் காய்ந்தது. கறி வாங்க வருகிற பெண்கள் மேலே ஏறிவந்து அம்மாவிடம் மாசக் கணக்குச் சொல்லி வயிற்றைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியாகப் போனது மழைக்கால மத்தியானம் ஒன்றில். கோழிக்காரி கீழே கடையில் மும்முரமாக இருந்தாள். அம்மா ரொம்பவும் மெலிந்துபோயிருந்தாள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். விரிப்பு நனைந்திருந்தது. மணி தலைமாட்டில்தான் இருந்தது, அடிக்கவில்லை.

அவள் பையை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். படுத்திருப்பவரை எழுப்பாமல் விரிப்பை மாற்ற ஒரு முறை உண்டு. பழையதை நீளவாட்டில் முதுகுவரை சுருட்டி, அதை ஒட்டியே புதியதை விரித்து, ஆளை இந்தப் பக்கம் மெல்லத் திருப்பி, பழையதை உருவிவிட வேண்டும். திருப்பும்போது அம்மாவின் உடம்பு கனக்கவில்லை. தூங்குகிற உடம்பு கனக்கும். அம்மா தானே தன் எடையைத் தூக்கிக் கொடுத்தாள். கண்ணை இறுக்க மூடியிருந்தாள், இமை துடித்தது.

அம்மா விழித்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தி பார்க்காதவளாக மாற்றினாள், ஒருத்தி தூங்குகிறவளாகப் படுத்திருந்தாள். உலர்ந்த உடையைப் போட்டுவிட்டு, மூலைகளைச் செருகி, ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவள் கதவுவரை வந்துவிட்டாள்.

"பூனை."

திரும்பினாள். அம்மா கண்ணைத் திறந்திருந்தாள். வாயின் ஒரு ஓரம் லேசாக மேலே போயிருந்தது.

"என்னம்மா?"

அவள் கேட்ட தொனியில் என்ன இருந்ததோ. துண்டு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று கதவருகே நின்று கேட்பதைப் போலவே இருந்திருக்கும். அம்மாவின் வாயோரம் பழையபடி கீழே இறங்கியது.

"ஒண்ணுமில்ல. மழை பெய்யுதா?"

"ஆமாம்மா."

"நனையாமப் போ."

அந்த வாரமே அம்மா தூக்கத்தில் போய்விட்டாள். போன் வந்தது. எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு கோழிக்காரி அவள் தோளில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். "ராத்திரி மணி கேக்காம எனக்கு எப்படி அண்ணி தூக்கம் வரும்?" என்றாள். அழுகிறவளை அவள் தட்டிக்கொடுத்தாள். அம்மா இவளுக்காக ஒரு தடவைகூட மணியடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவின் அறையைத் திறந்தாள். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டாள். அறை நல்ல ஒழுங்கில் இருந்தது. விரிப்பை உருவினாள். மெத்தையின் மேல்பக்கம் முழுவதும் கண்ணை ஓட்டினாள், புரட்டிப்போட்டு அடிப்பக்கமும் பார்த்தாள். தையல் ஓரங்களை விரலால் பிரித்துப் பார்த்தாள். முழங்காலிட்டு, இடுப்பு வரும் இடமாகப் பார்த்து முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். சோப்புத் தூள் வாசனை அடித்தது. மஞ்சளாக ஒரு வளையம், ஒரு நிழல், எங்கேயாவது தப்பித்த ஒரு சொட்டு, எதுவும் இல்லை. எதையும் விட்டுவைக்கவில்லை அவள்.

வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து சுத்தமான விரிப்பை எடுத்து உதறினாள். கை தன்பாட்டுக்கு மூலையை மடித்துச் செருகியது.